நாற்பது வீட்டுக் கையெழுத்து

எனக்கு நாற்பது பேருடைய கையெழுத்து போடத் தெரியும். இதை வெளியே சொல்லிக்கொண்டு திரிந்தேன் பாருங்கள், அதுதான் என் முட்டாள்தனங்களிலேயே மூத்தது. அதற்கு இளையது, இதையெல்லாம் நான் மக்கள் சேவை என்று நம்பியது. என் சொந்தக் கையெழுத்து மட்டும் எனக்கு ஒழுங்காக வராது. பேங்கில் கவுண்டர் பெண் என் தாளையும் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "அங்கிள், இன்னொரு தடவை போடுங்க" என்பாள். மூன்றாவது தடவைக்குள் எனக்கே சந்தேகம் வந்துவிடும், நான் நான்தானா என்று.

எழுபதுகளின் நடுவில் மலேசியாவில், பினாங்குத் தீவின் ஜார்ஜ் டவுனில் தபால்காரனாகச் சேர்ந்தேன். சுங்கை பினாங் அடுக்குமாடிகள் என் பங்குக்கு வந்தன. அங்கே இருந்தவர்கள் பாதிப் பேர் விடியும் முன்பே ஃபெர்ரி பிடித்து பட்டர்வொர்த்துக்குப் போய், அங்கிருந்து பஸ் ஏறி மாக் மண்டின் தொழிற்சாலைகளுக்குப் போகிறவர்கள். நான் பதினொரு மணிக்குப் போனால் கதவுகள்தான் என்னை வரவேற்கும். சாதாரணக் கடிதம் என்றால் கவலை இல்லை, கதவுக்கடி இடுக்கு போதும். பதிவுத் தபால் என்றால் ஆள் வேண்டும், கையெழுத்து வேண்டும். ஆள் இல்லையென்றால் ஒரு சீட்டு எழுதி வைத்துவிட்டு வர வேண்டும். அவர்கள் அரை நாள் லீவு போட்டுவிட்டு எங்கள் ஆபீசுக்கு வந்து வாங்கிப் போக வேண்டும்.

ஐந்தாம் மாடியில் ஒருவர் ஒருநாள் என்னை வழிமறித்தார். இரவு ஷிப்ட் முடிந்து கண் சிவந்து நின்றார்.

"அண்ணே, ஒரு கடுதாசிக்கு அரை நாள் போச்சுண்ணே. இனிமே என் பேரை நீங்களே கிறுக்கிட்டு உள்ள தள்ளிடுங்க."

"அதெல்லாம் சட்டப்படி தப்புலா தம்பி."

"ஊர்லேருந்து எங்க சித்தப்பா எழுதுறாரு. அதை எவன் வந்து கேக்கப் போறான்?"

நியாயமாகத்தான் பட்டது. அடுத்தவன் மாமியாருக்கு மூட்டுவலி என்கிற செய்தியை எந்தத் திருடன் திருடுவான்? கிறுக்கிவிட்டுத் தள்ளினேன். விஷயம் மாடி மாடியாகப் பரவியது. "எனக்கும் போட்டுருங்கண்ணே", "எனக்கும்ண்ணே." கிறுக்குவதில் ஆரம்பித்தவன், போகப் போக ரசனை பிடித்துப்போய், ஒவ்வொருவர் கை எப்படி வளைகிறது, எங்கே அழுத்துகிறது, எங்கே சோம்பேறித்தனம் காட்டுகிறது என்று பார்த்துப் பழகினேன். தீபாவளிக்கு எனக்கு வந்த முறுக்கு டின்களை வீட்டில் அடுக்க இடம் இருக்காது. என் மனைவி சொல்வாள், "மத்தவன் பேரைக் கெடுத்து முறுக்கு வாங்குற ஆள் உலகத்துலயே நீங்க ஒருத்தர்தான்."

ஒன்பதாம் மாடியில் ஒரு கிராணியம்மா தனியாக இருந்தார். யாழ்ப்பாணத்து வம்சம். அப்பா ரயில்வேயில் கிராணி, அதாவது குமாஸ்தா, தாத்தாவும் ரயில்வேயில் கிராணி, இவர் ஊருக்குள் பீச் ஸ்ட்ரீட்டில் ஒரு வக்கீல் ஆபீசில் கிராணி. என்னைவிடப் பத்து வயது இளையவர், ஆனால் அவர் கண்ணாடிக்கு மேலே பார்க்கிற பார்வையில் என் வாய் தானாக 'அக்கா' என்றுவிடும். கொழும்பிலிருந்து அவருக்கு அண்ணனின் பதிவுத் தபால் வரும். அவருடைய கையெழுத்து பாகற்கொடி மாதிரி, முதல் எழுத்தில் ஒரு சுருள், கடைசியில் ஒரு சுருள், அதற்குக் கீழே இரண்டு புள்ளி. அவர் எங்கள் ஆபீசுக்கு வந்து தபால் வாங்கியபோது போட்டதைப் பார்த்ததிலிருந்தே எனக்கு ரொம்பப் பிடித்த கையெழுத்து அது. முதல் தடவை அவரைக் கேட்காமலேயே போட்டுவிட்டேன். அடுத்த வாரம் அவர் கீழே இறங்கி வந்து, என் கையிலிருந்த கையெழுத்துப் புத்தகத்தை வாங்கிப் பார்த்தார்.

"இது நான் போட்டதா?"

"நீங்க போட்ட மாதிரிக்கா."

"ம்." புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு லிப்ட் ஏறிப் போய்விட்டார். அந்த 'ம்'மை நான் லைசென்ஸ் என்று எடுத்துக்கொண்டேன். இருபது வருஷம் அப்படி ஓடியது.

தொண்ணூறுகளின் பாதியில் என் பை இளைக்கத் தொடங்கியது. என் வயிறு இளைக்கவில்லை. ஊருக்கு டெலிபோனில் பேச ஆரம்பித்துவிட்டார்கள். நீலநிற விமானக் கடிதங்களைக் காணோம். தண்ணி பில், கரண்டு பில், வக்கீல் நோட்டீஸ். என்னைப் பார்த்தால் கதவைத் திறந்தவர்கள், என்னைப் பார்த்தால் கதவைச் சாத்த ஆரம்பித்தார்கள். ஆபீசில் சாப்பாட்டு நேரத்தில் ஒரே பேச்சு: கடுதாசி குறையுது, ஆளையும் குறைப்பாங்களாம். எனக்குப் பென்ஷனுக்கு ஐந்து வருஷம் பாக்கி. நாசி லெமாக் சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு, அந்த ஐந்து வருஷத்தை மாதம் மாதமாக எண்ணிக்கொண்டிருப்பேன்.

அப்போதுதான் பெட்டிகள் வர ஆரம்பித்தன. முதல் பெட்டி மூன்றாம் மாடியில், கம்ப்யூட்டர் தொழிற்சாலையில் வேலை பார்த்த ஒரு பையனுக்கு.

"அமெரிக்காவுல கடைண்ணே. இங்கேருந்து கம்ப்யூட்டர்ல அமுக்குனா அங்கேருந்து அனுப்பிடுவான்."

"உன் மூஞ்சியைக்கூடப் பாக்காமலா?"

"மூஞ்சி எதுக்குண்ணே? பேரும் அட்ரசும் போதும்."

"நம்ம கோப்பிக்கடைக்காரன் பதினஞ்சு வருஷமா என் மூஞ்சியப் பாக்கறான்லா. இன்னும் தேத்தண்ணி கேட்டா கோப்பி கொண்டாந்து வைக்கிறான்."

அவன் சிரித்தான். நானும் சிரித்தேன். ஆனால் அந்தப் பெட்டி கதவுக்கடியில் நுழையாது என்பதை அன்றைக்கே கவனித்திருக்க வேண்டும். இரும்புக் கிரில் வழியாக என் கை போகும், பெட்டி போகாது. மோட்டார்சைக்கிளின் பின்னால் ஒரு பெரிய டப்பாவைக் கட்டிக் கொடுத்தார்கள். பெட்டிக்கு ஒரு சீட்டும் கொடுத்தார்கள். பெயர், அடையாள அட்டையின் ஐசி நம்பர், நேரம், கையெழுத்து. அந்தச் சீட்டு ஆபீசுக்குத் திரும்பிப் போய், எங்கேயோ பத்திரமாக இருக்கும் என்றார்கள். நான் ஐசி நம்பர்களையும் மனப்பாடம் செய்துகொண்டேன். பழக்கத்தை மாற்றுவதைவிட அது சுலபமாக இருந்தது.

ஒருநாள் மழை. லிப்ட் வேலை செய்யவில்லை. ஏழு பெட்டிகளைச் சுமந்து மாடி ஏறினேன். ஒன்பதாம் மாடிக்குப் போய்ச் சேர்ந்தபோது மூச்சு எனக்கு முன்னாலேயே கீழே இறங்கிப் போயிருந்தது. கிராணியம்மாவுக்கு ஒரு சின்னப் பெட்டி, அமெரிக்காவிலிருந்து, உள்ளங்கையளவு, கனமாக. கிரில் பூட்டியிருந்தது, அவர் வேலையில். சீட்டில் பாகற்கொடியை வரைந்தேன், இரண்டு புள்ளி வைத்தேன். கிரில்லுக்கு வெளியே சப்பாத்து அலமாரி இருந்தது. இரண்டாவது தட்டில், செருப்புகளுக்குப் பின்னால் பெட்டியை வைத்து, மேலே ஒரு பழைய பேப்பரைப் போட்டு மூடினேன். யாருக்கும் தெரியாது என்று நினைத்தேன். யாருக்கோ தெரிந்துவிட்டது.

மூன்றாம் நாள் காலை அவர் லிப்ட் பக்கத்தில் எனக்காகக் காத்து நின்றார்.

"அண்ணே, எனக்குப் பார்சல் ஏதாச்சும் வந்துச்சா?"

கேள்வி முடிவதற்குள் எனக்கு எல்லாம் புரிந்துவிட்டது. பெட்டி போயிற்று. சீட்டில் இருப்பது என் கை. கள்ளக் கையெழுத்து என்றால் வேலை போகும், பென்ஷன் போகும், ஜெயில்கூட உண்டு. இத்தனையும் ஒரு நொடியில் வந்து போனது. பிறகு என் வாய் என்னைக் கேட்காமலே பேசியது.

"வரலியேக்கா."

"வந்தா சொல்லுங்க."

"சொல்றேன்லா."

அன்றிலிருந்து எனக்கு அந்த மாடிக்கு ஏறவே கால் வரவில்லை. பார்க்கிற ஆளின் கையையெல்லாம் பார்த்தேன், பையையெல்லாம் பார்த்தேன், அந்தப் பெட்டிக்குள் என்ன இருந்தது என்றே தெரியாமல். ஆபீசில் போன் அடித்தால் பெட்டி எண்ணுகிற சாக்கில் வெளியே போய்விடுவேன். ஏதாவது பழுப்பு உறை மேஜையில் கிடந்தால், அதில் என் பெயர் இருக்கிறதா என்று தலைகீழாகப் படிப்பேன். இருபது வருஷம் உறைகளை மற்றவர்களுக்குக் கொடுத்தவன், முதல் தடவையாக உறையைக் கண்டு பயந்தேன்.

ஆறேழு வாரம் கழித்து போஸ்ட்மாஸ்டர் கூப்பிட்டார். மலாய்க்காரர், மெல்லப் பேசுவார், அதனாலேயே கூடுதலாகப் பயம். அவர் சொன்னதைத் தமிழில் சொல்கிறேன்.

"அமெரிக்காவுல இருந்து கேட்டிருக்காங்க. பார்சல் கிடைக்கலைன்னு ஒரு புகார்."

 

அவர் சீட்டின் நகலை எடுத்து வைத்தார். கூடவே இன்னொரு தாள், பழைய பதிவுத் தபால் புத்தகத்திலிருந்து அந்த அம்மாவின் கையெழுத்து. இரண்டையும் பக்கத்தில் வைத்து ஒரு பூதக்கண்ணாடியால் பார்த்தார். பழையதும் நான் போட்டதுதான் என்று அவருக்கு யார் சொல்வது?

"ரெண்டும் ஒண்ணுதான். அந்த அம்மா வாங்கியிருக்காங்க. நம்ம மேல தப்பு இல்லை. போய் வேலையைப் பாரு."

வெளியே வந்தேன். தப்பித்துவிட்டேன். என் திறமையே என்னைக் காப்பாற்றிவிட்டது என்று நினைத்தேன். இரண்டு தட்டு நாசி கண்டார் சாப்பிட்டேன், வெட்கமில்லாமல்.

நம்ம மேல தப்பு இல்லை என்றால் யார் மேல் தப்பு என்று அந்த இரண்டு தட்டுக்கும் நடுவில் ஒரு தடவைகூட எனக்குத் தோன்றவில்லை.

இரண்டு வாரம் கழித்து ஒரு புதன்கிழமை. மத்தியானம் அடுக்குமாடிக்குப் போனால், வேலை நாளில் அந்த அம்மா வீட்டில் இருந்தார். கிரில்லைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். கண்ணாடி போட்டிருக்கவில்லை. கண்ணாடி இல்லாமல் அவரை நான் பார்த்ததே கிடையாது.

"அந்தப் பார்சல் எங்க லோயரோடதுண்ணே," என்றார். நான் எதுவும் கேட்கவில்லை. அவராகவே சொன்னார்.

வக்கீல் தன் மனைவிக்குக் கல்யாண நாளுக்கு ஒரு வாட்ச் வாங்கியிருக்கிறார், கம்ப்யூட்டர் வழியாக. மனைவியும் அதே ஆபீசில்தான் இருக்கிறார், தபாலையெல்லாம் அவர்தான் பிரிப்பார். வீட்டு விலாசம் கொடுத்தாலும் அவர் கையில்தான் விழும். ஆச்சரியம் கெட்டுவிடக் கூடாது என்று நம்பிக்கையான கிராணியின் பெயரையும் வீட்டு விலாசத்தையும் கொடுத்திருக்கிறார்.

"இப்ப அந்தக் கடைக்காரன்கிட்டேருந்து என் கையெழுத்தோட பேப்பர் வந்திருக்கு. லீவு புக்குல இருக்குற கையெழுத்தோட வச்சுப் பாத்தாரு. நான் பாத்தேன். என் கையெழுத்துதாண்ணே. எனக்கே என்ன சொல்றதுன்னு தெரியல."

"நீங்க வாங்கலைன்னு சொன்னீங்களாக்கா?"

"சொன்னேன். வெள்ளிக்கிழமைக்குள்ள கொண்டாந்து வை, இல்லேன்னா போலீஸ் ரிப்போர்ட்னாரு. பதினெட்டு வருஷமா அங்க இருக்கேன். ராத்திரியெல்லாம் யோசிச்சேன். ஒருவேளை நான்தான் வாங்கி எங்கேயோ வச்சு மறந்துட்டேனோன்னு வீடு முழுக்கத் தேடினேன்."

இதைச் சொல்லும்போது அவர் என்னைச் சந்தேகமாகப் பார்க்கவே இல்லை. பார்த்திருந்தால் நான் அங்கேயே உளறியிருப்பேன். இருபது வருஷத்துக்கு முன்னால் ஒரு தடவை பார்த்த புத்தகத்தை அவர் மறந்தே போயிருந்தார், கதவுக்கடியில் வந்து விழும் பதிவுத் தபாலுக்கு யார் கையெழுத்துப் போடுகிறார்கள் என்று யோசிப்பதும் எப்போதோ விட்டுப்போயிருந்தது. நான் ஏதோ முனகிவிட்டு, மற்ற பெட்டிகளைக் கொடுக்காமலே கீழே இறங்கிவிட்டேன்.

வியாழக்கிழமை மெடிக்கல் லீவுக்கு எம்.சி. எடுத்தேன். கிளினிக்கில் வயிற்றுப்போக்கு என்று சொன்னேன். டாக்டர் என்னைப் பார்த்த மாத்திரத்தில் நம்பினார், ஏனென்றால் அது உண்மை. வீட்டில் கக்கூசுக்கும் நாற்காலிக்கும் நடந்துகொண்டே யோசித்தேன். பேசாமல் இருந்துவிட்டால் எனக்கு ஒன்றும் ஆகாது. போஸ்ட்மாஸ்டரே சொல்லிவிட்டார். அந்த அம்மாவுக்கு மட்டும் வேலை போகும், பேர் போகும், போலீஸ் வரும். என் மனைவியிடம் சொன்னேன். என்னைத் திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். சமையலறைக்குப் போய், டின்னில் மிச்சமிருந்த முறுக்கையெல்லாம் குப்பையில் கொட்டிவிட்டு வந்தாள்.

வெள்ளிக்கிழமை யூனிபார்மோடு பீச் ஸ்ட்ரீட்டுக்குப் போனேன். எத்தனையோ தடவை தபால் கொண்டுபோன பக்கம்தான். அன்றைக்கு மாடிப்படி நீளமாக இருந்தது. கிராணியம்மா டைப்ரைட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தார், டைப் அடிக்காமல். வக்கீல் அறைக்குள் நுழைந்து கதவைச் சாத்தினேன்.

"சார், அந்த வாட்ச் பார்சலுக்குக் கையெழுத்து..."

"ஷ்ஷ்!" என்றார் வக்கீல். பக்கத்து அறையைக் காட்டினார். அங்கே அவர் மனைவி. "மெதுவா."

ஆக, என் வாழ்க்கையின் மிகப் பெரிய குற்றத்தை நான் கிசுகிசுவென்று ஒப்புக்கொண்டேன். இரண்டு தடவை ஆரம்பத்திலிருந்து சொல்ல வேண்டியிருந்தது.

அவர் நம்பவில்லை. கிராணியம்மாவை உள்ளே கூப்பிட்டார். "இந்த ஆளை நீதான் வரச் சொன்னியா?" என்று அவரிடம் கிசுகிசுத்தார். பிறகு என்னிடம், "அவங்களைக் காப்பாத்த பொய் சொல்ற. உனக்கு அவங்க என்ன வேணும்?"

"ஒண்ணும் வேணாம் சார். ஒரு பேப்பர் குடுங்க."

கை நடுங்கியது. நடுங்குகிற கையால் வராது என்று பயந்தேன். அப்புறம் வந்துவிடுமே என்றும் பயந்தேன். பேனா தாளில் பட்டதும் நடுக்கம் நின்றுவிட்டது, அதுதான் எனக்கு இன்றைக்கும் அவமானம். முதல் சுருள், கடைசிச் சுருள், இரண்டு புள்ளி.

வக்கீல் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். "இன்னொரு தடவை." போட்டேன். "இன்னொண்ணு." போட்டேன். மூன்றையும் பார்த்துவிட்டு, அவர் செய்த முதல் காரியம், மேஜையில் திறந்து கிடந்த தன்னுடைய செக் புத்தகத்தை எடுத்து டிராயருக்குள் வைத்துப் பூட்டியது.

கிராணியம்மா அந்தத் தாளைக் கையில் எடுத்தார். மூன்று கையெழுத்தையும் விரலால் தொட்டுப் பார்த்தார். "வீடு முழுக்கத் தேடினேன்," என்று மட்டும் சொன்னார், எங்கள் இருவரிடமும் இல்லாமல்.

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் தாள்கள்தான். நான் எழுதிக் கொடுத்தேன், வக்கீல் அதைத் தபால் ஆபீசுக்கு அனுப்பினார், விசாரணை நடந்தது. ஒவ்வொரு நாளும் இன்றைக்கு நிறுத்திவிடுவார்கள் என்று டிபன் டப்பாவை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போனேன். கடைசியில் ஆறு மாதம் பின்கட்டில் சாக்குப் பை தூக்கும் வேலை, சம்பள உயர்வு நிறுத்தம், இன்னொரு தடவை நடந்தால் வீட்டுக்கு என்று ஒரு கடிதம். அந்தக் கடிதத்தில் வாங்கிக்கொண்டதற்கு நான் கையெழுத்துப் போட்டேன். வழக்கம்போலச் சரியாக வரவில்லை, மறுபடி போடச் சொன்னார்கள். வாட்ச் கிடைக்கவே இல்லை. சுங்கை பினாங்கில் யாரோ ஒருவருக்கு மட்டும் நேரம் சரியாகத் தெரிந்துகொண்டிருந்தது.

கிராணியம்மா வேலையில் நீடித்தார். ஆனால் கையெழுத்தை மாற்ற வேண்டியதாகிவிட்டது. பேங்க், சேமநிதி, இன்சூரன்ஸ், வீட்டு லோன் என்று லீவு போட்டு அலைந்தார் என்று மூன்றாம் மாடிப் பையன் சொன்னான். தன் பேரைப் புதிதாக எழுதப் பழக, வீட்டில் நோட்டுப் புத்தகம் வாங்கி வைத்து, சின்னப் பிள்ளை மாதிரி எழுதிப் பார்த்தாராம்.

ஆறு மாதம் கழித்து என்னை மறுபடி அதே அடுக்குமாடிக்குப் போட்டார்கள். ஆள் பற்றாக்குறை, பெட்டிகள் அவ்வளவு பெருகிவிட்டன. கடிதப் பையை மோட்டார் டப்பாவில் ஒரு மூலையில் செருகிக்கொண்டுதான் போனேன். சனிக்கிழமை. ஒன்பதாம் மாடிக்கு ஒரு பெட்டி. பெயரைப் படித்ததும் பெட்டியை அப்படியே கீழே வைத்துவிட்டு ஓடிப்போகலாமா என்று நினைத்தேன். ஓடினாலும் மாட்டிக்கொள்வேன். இருபத்திரண்டு வருஷத்தில் முதல் தடவையாக அந்த வீட்டின் மணியை அடித்தேன்.

கதவு திறந்தது. கிரில் திறக்கவில்லை. கண்ணாடிக்கு மேலே அதே பார்வை.

"பார்சல்க்கா." சீட்டையும் பேனாவையும் கிரில் வழியாக நீட்டினேன். வாங்கிக்கொண்டார். போடாமல் நின்றார். என் வாய் மறுபடி தன்னிஷ்டத்துக்குத் திறந்துகொண்டது.

"அக்கா, என்னை மன்னிச்சுட்டீங்களா?"

அவர் பேனா மூடியைக் கழற்றினார்.

"அந்தப் பக்கம் திரும்பி நில்லுங்க."